பொருட்பட்டியலில் நான்காவது

சுவரில் ஒட்டிய சீட்டில் இருப்பது:
செம்பு, கம்பி, நாற்பத்தொரு பல்புகள், நீங்கள்.
முதல் மூன்றும் லாரியில் வந்து இறங்கின.
நான்காவது பொருளுக்காக
லியெபாயாவின் நவம்பர் மழையில்
நாற்காலி போட்டுக் காத்திருப்பது என் உத்தியோகம்.

பழைய கம்பித் தொழிற்சாலையின் கிடங்கு இது.
மேற்குச் சுவரில் ஒரு செம்புத் தகடு,
கிழக்கில் இன்னொன்று,
நடுவே ஏழு மீட்டர் ஒன்றுமில்லை.
ஒரு கை இங்கே, ஒரு கை அங்கே,
இடையில் கையோடு கை கோத்து
ஐந்து பேராவது நின்றால்தான்
உடம்புகள் வழியே மின்சாரம் நடந்துபோய்
பல்புகளை எட்டும்.
கடிக்காது, எறும்பு ஊர்கிற அளவுகூட இல்லை.
இதை நாளுக்கு முப்பது முறை சொல்கிறேன்.
சில நாள் நாற்காலியிடம் சொல்கிறேன்.

ஊழியர் கலைப்பொருளைத் தொடலாகாது. விதி ஆறு.
துடைக்கலாம்.
துடைப்பது தொடுவதில் சேராதாம்.

திறப்பு விழாவில் இயக்குநர் க்ரூமின்ஷ்
வரிசையின் தலையில் நின்றார்.
உலர்ந்த உள்ளங்கை,
எதற்கும் வியர்க்காத மனிதர்.
தூக்கம் கெட்ட கண்கள் மாதிரி
பல்புகள் லேசாகச் சிவந்தன, அவ்வளவுதான்.
எல்லாரும் கைதட்டினார்கள்.
தட்டுவதற்குக் கையை எடுத்ததும்
அதுவும் போயிற்று.

கலைஞர் அன்ட்ஸே என் காதோரம் சொன்னாள்:
"ஈரக் கை வேண்டும்.
பயந்தவர்கள் வந்தால் நன்றாக எரியும்."

அன்றிலிருந்து கதவருகே தயங்குகிறவர்களைத் தேடுகிறேன்.
கோட்டுப் பைக்குள் ரகசியமாக
உள்ளங்கையைத் துடைத்துக்கொள்கிறார்கள்.
துடைக்காதீர்கள், ஐயா,
அதுதான் எங்களுக்கு வேண்டியது.

ஒரு செவ்வாய்க்கிழமை, நாலரை மணிக்கே இருட்டு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் இல்மார்ஸ்
மழைக்கு ஒதுங்கியவர்,
மேற்குத் தகட்டில் கைவைத்து
பஸ்ஸுக்கு நிற்பவர் போல நின்றார்.
பிறகு முதுகில் செல்லோப் பெட்டியோடு ஒரு மாணவன்.
பிறகு ஒரு தாய், அவள் மகள் எல்ஸா.
நீட்டிப் பார்த்தார்கள், சாய்ந்து பார்த்தார்கள்,
கிழக்கே ஒன்றரை மீட்டர் மிச்சம்.
நால்வரும் ஒருசேர என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த அறையில் ஒரு தீயணைப்பான் இருக்கிறது,
நான் இருக்கிறேன்.
எங்கள் இருவரையும் யாரும் பார்ப்பதில்லை.

எழுந்தேன்.
முதலில் முழங்கால் தடுத்தது, அப்புறம் விதி ஆறு.
தகட்டில் ஒரு கை, சிறுமியிடம் ஒரு கை.
ஒன்றுமே எரியவில்லை.

இருபத்திரண்டு வருஷம் பிளீச்சிங் பவுடரில் ஊறிய கை,
பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்த கை.
மின்சாரம் அத்தனை பேரையும் தாண்டி
என் வாசலில் வந்து நின்றுவிட்டது.
"மன்னிக்கணும்" என்று இழுத்துக்கொண்டேன்.

எல்ஸா தன் உள்ளங்கையில் தூ என்று துப்பினாள்.
மறுபடி பற்றினாள், வழுவழுவென்று.
"அந்தக் கையை நீங்கள் நக்குங்கள்" என்றாள்.

ஐம்பத்தெட்டு வயசில், சீருடையில்,
பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு
என் உள்ளங்கையை நக்கினேன்.
பித்தளை பாலிஷ் கசந்தது.

நாற்பத்தொன்றும்.
கூரையின் துருக்கொக்கிகள், இல்மார்ஸின் பல் போன இடம்,
செல்லோப் பெட்டியில் பாதி கிழிந்த விமானச் சீட்டு,
என் விரலிடுக்குகளில் சிவப்பு.
இல்மார்ஸ் ஒரு கெட்டவார்த்தை சொன்னார்,
தாய் கண்டிக்க மறந்தாள்.
எனக்கு மூக்கு அரித்தது.
முதலில் விடுவது யார் என்று
யாரும் கேட்கவில்லை.

பதினேழாம் பல்பு கருகிற்று.
பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டம் சின்னது.
'எச்சில்' என்று எழுதினேன்.
இன்னும் இடம் மிச்சமிருந்தது.