விடியலில் புளிக்கும்

வெட்டியவுடன் நடக்கூடாது.
காயம் ஆறவேண்டும்.
நான்கு நாள் கொட்டகை நிழலில் கிடந்து
வெட்டுவாயில் தோல் படிந்த பிறகே
மண்ணுக்குப் போகும் கிளை.
தண்ணீர் ஊற்றுவதில்லை.
ஊற்ற இருந்தால்தானே.

யான்சன்வில்லுக்குத் தெற்கே,
ஆடுகள் மேய்ந்து தீர்த்த சரிவில்
ஒன்பது பேர் நாங்கள்.
கடப்பாரை போடுவது தெம்பேலா,
கிளை செருகுவது நான்,
குதிகாலால் மிதித்து இறுக்குவது பொனிஸ்வா;
அதற்கு வேண்டிய கனம் தன்னிடம்தான் இருக்கிறது என்பாள்.
நாளைக்கு நானூறு குழி.
கூலிச்சீட்டில் இதன் பெயர் ஸ்பெக்பூம்.
எங்கள் வாய்க்கு இக்வானிஷே.

காலை ஏழு மணிக்கு ஓர் இலை மென்றால்
பல் கூசும், கண் இடுங்கும்.
மாலை லாரிக்குக் காத்திருக்கையில்
அதே செடி, அதே கிளை,
சப்பென்று இருக்கும்.
இரவில் மட்டும் மூச்சு வாங்குமாம்.
வாங்கியதைப் புளிப்பாக முடிந்துவைத்து
பகலெல்லாம் வாய் திறக்காமல் செலவழிக்குமாம்.
"சம்பள நாள் புளிப்பு, மாசக் கடைசி சப்பு"
என்றாள் பொனிஸ்வா.

முதல் தளிரை ஆமை தின்றது.
மூன்று இலைக்கு அரை நாள்.
யாரும் விரட்டவில்லை.

மார்ச்சில் ஒரு குடு மான்,
முறுக்குக்கொம்பன், வேலி தாண்டி வந்து
பதினேழாம் வரிசையை முறித்துப் போட்டது.
எஸ்டர்ஹைசன் நோட்டில் எழுதினார்:
இழப்பு, இருபத்தாறு.

ஆடு கீழிருந்து தின்னும்.
பாவாடை விளிம்பைக் கிழித்து
முழங்காலைக் காட்டிவிடும்;
அடிமண் வெயிலில் வெந்து செடி சாகும்.
யானை மேலிருந்து தின்னும்,
வாய் சிந்தியது மண் தொட்டால் வேர்.
இந்தச் சரிவுக்கு யானை வந்து
நூறு வருடமாவது இருக்கும்.
அது தின்றபடியே செய்த வேலையைத்தான்
ஒன்பது பேர் கடப்பாரையோடு செய்கிறோம் என்று
குனிந்திருந்தபோது உறைத்தது.

இடையில் ஒரே ஒரு மழை.
ஜூனில் கணக்கெடுப்பு.
பதினேழில் நட்டது முப்பது.
எண்ணினால் நாற்பத்தொன்று.
மறுபடி எண்ணினேன்.
முறிந்த துண்டுகள்
குளம்பு அழுத்திய இடங்களிலேயே,
கோணலாக, வரிசைக்கு வெளியே,
சிவந்த தண்டும் சில்லறைக்காசளவு இலையுமாய்.
ஒன்றின் நிழலில் எறும்புகள்
ஏற்கெனவே குடித்தனம் வைத்திருந்தன.

எஸ்டர்ஹைசன் நோட்டில் இதற்குப் பத்தி இல்லை.
ஓரத்தில் எழுதுங்கள் என்றேன்.
பேனாவை உதறினார். மை இல்லை.
பென்சில் கேட்டார்.

அவர் தேடும் நேரத்தில்
ஓர் இலையைக் கிள்ளி நீட்டினேன்.
மணி ஏழு இருபது.
அவர் முகம் போன போக்கை
பொனிஸ்வா பார்த்துவிட்டாள்.