துளைக்கும் துளைக்கும் நடுவே

ஏனுங்க, முதல்ல கத்தியத் தீட்டிக்கங்க.
மொட்டைக் கத்தி தோலை வெட்டாது, மெல்லும்.
அப்படி நான் மென்னு தீர்த்தது ஒன்றரைக் கிலோ,
ஈரோட்டில் எடைக்கு வாங்குனது,
ஆவாரம்பட்டையில் ஊறின எருமைத்தோல்.
மடியில் வெச்சு பஸ்ஸில் வந்தப்போ
பக்கத்து சீட்டம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு
பெருந்துறை வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தாங்க.
எனக்கு சன்னலோரம் கெடச்சுது.

பகலில் நான் செக்கிங்.
திருப்பூரில் பனியன் கம்பெனி, மூணாவது மாடி.
அடுத்தவங்க தையலில் குத்தம் பாக்கறதுக்குச் சம்பளம்.
விட்ட தையல், ஓடுன நூல், எண்ணெய்க் கறை,
எல்லாத்துக்கும் ஒரே செவப்பு ஸ்டிக்கர்.
ராத்திரி என் தையலுக்கு ஸ்டிக்கர் ஒட்ட ஆளில்லை.
அது சொகந்தான். வெனையும் அங்கதான்.

தோலைத் தண்ணியில் முக்கிப் போடாதீங்க.
ஸ்பாஞ்சில் தொட்டு ஒத்தி
கறுத்த நெறம் மெல்ல வெளுக்கற வரைக்கும்
சித்த நேரம் சும்மா இருங்க.
சும்மா இருக்கறதுதான் இதில் கஷ்டமான வேலை.
முள்கம்பி கீறுன தழும்பு இருந்தா
மடிப்பில் வராமப் பாத்துக்கங்க,
முன்பக்கம் வந்தாத் தப்பில்லை,
மாடு ஒண்ணு இருந்துச்சுன்னு தெரியட்டும்.
சாயம் ரொம்ப மெல்லிசா, ரெண்டு மூணு கை.
அதிகமாக் கொட்டுனா என்னாகும்னு
நொய்யல்கரையில் இருக்கறவங்களுக்கு
நான் சொல்லணுமா?

வீட்டுக்காரர் அர்த்தநாரி
அட்வான்ஸ் வாங்கறப்பவே கேட்டார், நீங்க எந்த ஆளுங்கன்னு.
சுத்தியல் சத்தம் கேட்டு மாடியேறி
இன்னொருக்காக் கேட்டார்.
செக்கிங்குங்க, அப்படின்னேன்.
(பலகைக்கு அடியில் பனியன் வேஸ்ட் நாலு மடிப்பு போடுங்க,
சத்தம் பாதி அமுங்கும்.)

பொறவு நாச்சிமுத்து.
டவுன் பஸ் கண்டக்டர், முதல் ஆர்டர்.
தோளில் தொங்கற பை,
சில்லறைக்கு ஒரு அறை, நோட்டுக்கு மூணு.
பனியன் பாத்த கண்ணாச்சே,
இஞ்சுக்குப் பன்னெண்டு துளை போட்டேன்.
எறும்பு வரிசையாட்ட நெருக்கமா, நேரா.
போட்டோ எல்லாம் எடுத்து வெச்சேன்.

ஒன்பதாம் நாள், அனுப்பர்பாளையம் வேகத்தடை.
வார் அத்துக்கிட்டு பை விழுந்து
சில்லறை சீட்டுக்கடியெல்லாம் உருண்டுச்சாம்.
குனிஞ்சு குனிஞ்சு பஸ்ஸே பொறுக்கிக் குடுத்துச்சாம்.
எண்ணிப் பாத்தா ரெண்டு ரூவா கூட இருந்துச்சாம்.
பையைக் கொண்டாந்து கையில் குடுத்து
திட்டலைங்க அவரு, இவ்வளவுதான் சொன்னாரு:
"டிக்கெட்டுக்கு ஓட்டை போடறாப்புல போட்டா
டிக்கெட்டாட்டந்தான கிழியும்?"

அன்னைக்கு ராத்திரி
கம்பெனி ஸ்டிக்கர் ஒண்ணை அந்த வாரில் ஒட்டி
ஆணியில் மாட்டினேன். இன்னும் தொங்குது.

இஞ்சுக்கு ஆறு போதும்.
ஒரே நூல், ரெண்டு முனையிலும் ஊசி,
ஒரே துளையில் அந்தப்பக்கம் ஒண்ணு இந்தப்பக்கம் ஒண்ணு.
ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடிச்சுக்கும்.
மிஷின் தையலைப் போல
ஒத்த நூலை இழுத்தா மொத்தமும் அவுந்து வராது.
ஓரத்தை உப்புத்தாளில் தேய்ச்சு
ஈரத்துணி தொட்டு, மத்துக்காம்பு வெச்சு
கை சுடற வரைக்கும் உருட்டுங்க.
பளபளப்பு சூட்டில்தான் வரும்.
தேங்காயெண்ணெய் வேண்டாம், மாசம் போனாச் சிக்குவாடை.
தேன்மெழுகு, அதும் சுண்டுவிரல் நகம் அளவு.

போன ஞாயித்துக்கெழமை கதவுக்கு வெளியே அர்த்தநாரி.
கையில் அவுத்த பெல்ட்டு.
இன்னொரு ஓட்டை வேணுமாம், இடுப்பு பெருத்துருச்சு.
உள்ள வாங்கன்னேன். வரலை.
இருக்கட்டுமுங்கன்னு வாசப்படிக்கு அக்கட்டாலயே நின்னார்.
கடைசி ஓட்டையில் இருந்து ஒரு இஞ்சு அளந்து
ஒரே அடி. எவ்வளவுன்னு கேட்டார்.
ஓட்டைக்குக் காசில்லைங்க,
நடுவில் விடற தோலுக்குத்தான்னு சொன்னேன்.
அவருக்குப் புரியலை,
பத்து ரூவா வெச்சுட்டு எறங்கிப் போனார்.

கடைசியா ஒண்ணு.
துளைக்குழலுக்குள்ள வெட்டுப்பட்ட வட்டம் அடைச்சிருக்கும்.
ஊசியால் குத்தி உடனே எடுத்துருங்க.
விட்டுட்டா அடுத்த துளை விழாது.