தரிப்பிடம்

ஏழரைக்கு வேலை முடிந்து வருகிறேன்.
இரவு முழுதும் பெட்ரோல் மணந்த கை.
பிரின்மில் மேட்டிலிருந்து
கடலுக்குச் சரிகிற தெரு எங்களுடையது.
என் வாசலில் மீண்டும் அந்த நீலக் கார்.
பின் கண்ணாடியில் பல்கலைக்கழக ஸ்டிக்கர்,
பாதி உரிந்தபடி.

மூன்று சுற்று.
நான்காவதில் தேவாலயத்துக்குப் பின்னால் ஓர் இடம்.
அங்கிருந்து வீடு இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு,
முழங்கால் எண்ணிச் சொன்னது.

சும்மா சொல்லக் கூடாது, எனக்கு இதில் கருத்து உண்டு.
இருபத்தாறு வருடம் வரி கட்டியவனுக்கு இருக்கத்தான் செய்யும்.
கட்டடத்துக்கு மேல் கட்டடம் எழுப்புவார்கள்;
கார் நிறுத்த எங்கே என்று கேட்டால் கையை விரிப்பார்கள்.
கல்யாணத்துக்கு ஊரை அழைத்துவிட்டு
பக்கத்து வீட்டில் இலை போடுகிற கதை.

மண்டபக் கூட்டத்தில் இதையே சொன்னேன்.
மெயினிர் கைதட்டினாள். க்விலிம் கைதட்டினான்.
பிறகு க்விலிம் எழுந்து,
காரோடு நிறுத்தினால் போதாது,
யார் யாருக்கு விசா கொடுத்து இறக்குகிறார்கள்
என்றும் பார்க்க வேண்டும் என்றான்.
என் பக்கம் திரும்பி, "உன்னைச் சொல்லவில்லை."

எனக்குக் கிடைத்த கைதட்டல்
பலாப்பால் மாதிரி ஒட்டிக்கொண்டது.
நான் எழுந்து ஒன்றும் சொல்லவில்லை.
வீட்டுக்கு வந்து எண்ணெய் தேடினேன்.

துடைப்பானுக்குக் கீழே ஒரு துண்டு வைத்தேன்:
'இது வீடு. பல்கலைக்கழகம் கீழே இருக்கிறது.'
மாலையில் கதவைத் தட்டினாள்.
எஃபுவா. கானாக்காரி. முப்பது இருக்கும்.
என் துண்டை ரசீது மாதிரி மடித்துப் பிடித்திருந்தாள்.

நீத்திலிருந்து வருகிறாள்.
ஆறு மணிக்கு ஆய்வுக்கூடத் தொட்டியில்
கடற்பாசிக்கு விளக்குப் போட வேண்டும்.
அந்நேரம் பஸ் இல்லை.
வளாகத்துக்குள் நிறுத்த ஏன் அனுமதி இல்லை?
ஒப்பந்தம் குறுகியது.
ஒப்பந்தம் ஏன் குறுகியது?
விசா முடியும் நாள்வரைதான் அது.
விசா ஏன் நீளாது?
சம்பளம் வரம்பைத் தொடவில்லை.
சம்பளம் ஏன் ஏறவில்லை?
சிரித்தாள். "கடற்பாசியைக் கேளுங்கள்."

விசா பற்றியும் கருத்து உள்ளவன் நான்.
திறன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது.
அதைப் பவுண்டில் அளக்கிறவனுக்கும்
தெரியாது என்பது தெரியும்.
நான் வந்தபோது ஒருவரும் திறன் கேட்கவில்லை,
காயம் கேட்டார்கள்.
சட்டையைக் கழற்றிக் காட்டினேன்.
இருக்க விட்டார்கள்.
அதற்கும் ஒரு வரம்பு இருந்திருக்கும்.

இதில் ஒன்றையும் அவளிடம் சொல்லவில்லை.
"நாளைக்கு இங்கே விடாதே" என்றேன்.
நளாயினி உள்ளேயிருந்து பார்த்த பார்வையில்
தேநீர் ஆறிப்போனது.

செப்டெம்பரில் திட்டம் வந்தது.
'ஆம்' என்று புள்ளடி போட்டவன்தான் நான், மறைக்க ஒன்றுமில்லை.
கம்பத்தில் பலகை: குடியிருப்பாளருக்கு மட்டும்.
விருந்தாளிக்கென்று வருடத்துக்கு முப்பது சீட்டு.
நாளையும் மாதத்தையும் காசால் சுரண்டி
முன் கண்ணாடியில் வைக்க வேண்டும்.
எங்களுக்கு எந்த விருந்தாளி?
டொரொண்டோ மச்சான் வருவது
மூன்று வருடத்துக்கு ஒருதடவை.

திங்கள் இரவு வேலைக்குப் போகுமுன்
ஒரு செவ்வாயைச் சுரண்டுகிறேன்.
வெள்ளித்தூள் நகத்துக்குள் போகிறது.
ஒரு மனிசி ஒரு நாள் இங்கே தரிக்கலாமென்று
அத்தாட்சி கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கிறது;
உள்துறை அமைச்சுக்குத் தெரியாது.
தபால் துவாரத்தில் விளிம்பு தெரியச் செருகிவிட்டுப் போவேன்.

இனாமாக இல்லை. சீட்டு ஒன்றரைப் பவுண்டு,
நான் கட்டிய அதே விலை.
சில்லறையாகவே வைக்கிறாள்.
புதன், வியாழன் எங்கே நிறுத்துகிறாள் என்று
நான் கேட்கவில்லை.

பெப்ரவரியில் அவள் விசா முடிகிற தேதிவரை
இருபத்திரண்டு செவ்வாய்.
நளாயினி கணக்குப் போட்டாள்: மிச்சம் எட்டு.
அந்த எட்டையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி
ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறேன்,
காலாவதி எங்காவது போட்டிருக்கிறதா என்று.