மூன்றடி ஆழம்

இடுப்பெலும்பு முறிந்து
ஒன்பது நாளாய் ஏழாம் கட்டிலில் கிடந்த லொரென்சா
ரத்த அழுத்தம் குறிக்கும் தாளின் பின்புறம்
பென்சிலால் தன் ஊரை வரைந்து தந்தாள்.
"வெனிஸ் போனால் இதை வைத்துக்கொள்.
தொலைந்துபோக உதவும்."

எனக்கு மாதத்தில் இரண்டு வெள்ளி ஓய்வு.
ஐரோப்பிய விசா என்றால்
என் வங்கிக்கணக்கே சிரித்துவிடும்.
ஆனால் தோஹாவில் ஒரு வெனிஸ் இருக்கிறது,
ஒரே பஸ்ஸில் போய்விடலாம்.
தாளை நாலாய் மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

வெளியே நாற்பத்தாறு டிகிரி.
கண்ணாடிக் கதவு விலகியதும்
முதுகில் வழிந்த வியர்வை அங்கேயே குளிர்ந்தது.
மேலே வானம்.
பலகையில் தீட்டிய மேகங்கள்,
மாலை ஆறு மணியில் நின்றுபோன வெளிச்சம்.
ஒரு மேகத்தின் வயிற்றிலிருந்து எட்டிப் பார்த்தது
தீயணைப்புக் குழாயின் சின்ன மூக்கு.

தாளில் முதல் புள்ளி, பொன் மொசைக் தேவாலயம்.
"பதினொன்றரைக்குப் போ. விளக்கேற்றுவார்கள்.
பொன் உருகித் தோளில் சொட்டும்" என்றிருந்தாள்.
இங்கே கூம்பிய மாடத்தின் கீழ்
வாசனைத் திரவியக் கடை.
ஒரு பெண் அட்டைத்துண்டில் அத்தர் தெளித்து நீட்டினாள்.
பதினொன்றரைதான்.
சொட்டியது ஏசி.

இரண்டாவது, மணிக்கூண்டு.
இதைச் சொல்லும்போது லொரென்சா சிரித்தாள்,
சிரித்தால் இடுப்பு வலிக்கும், இருந்தும் சிரித்தாள்.
நூறு வருஷத்துக்கு முன்பு ஒரு காலையில்
பொலபொலவென்று சரிந்ததாம்,
அதே இடத்தில் அதே அச்சில் திரும்பக் கட்டினார்களாம்.
"எங்களுடையதும் நகல்தான் சிஸ்டர்!"
யாரும் பார்க்காதபோது விரல்முட்டியால் தட்டினேன்.
டொக்.
நோயாளியின் வயிறு உப்பியிருந்தால்
இப்படித்தான் கேட்கும்.

மூன்றாவது பாலம்.
சிறைக்குப் போகிறவர்கள்
கல்ஜன்னல் வழியே கடைசியாய்க் கடலைப் பார்த்து
பெருமூச்சு விட்ட பாலம் என்று
அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.
இங்கே அது
சாப்பாட்டுக் கூடத்தையும் கார் நிறுத்தத்தையும் சேர்க்கிறது.
சாம்பல் சீருடைக்காரர் ஒருவர்
துடைப்பான் வண்டியோடு நடுவில் நின்று
கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் பார்ப்பது தெரிந்ததும்
துடைத்த கைப்பிடியையே மறுபடி துடைத்தார்.
பெருமூச்சு விட்டாரா, தெரியவில்லை.
முகக்கவசம் போட்டிருந்தார்.

படகுக்குப் பதினைந்து ரியால்.
கோடுபோட்ட சட்டை, ரிப்பன் கட்டிய வைக்கோல் தொப்பி.
படகுக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார்,
"பொறவு கூப்புடுதேன், ஆள் வந்திட்டு."
"எந்த ஊர்?" என்றேன்.
துடுப்பு கை நழுவப் பார்த்தது.
மணப்பாடு. பெயர் சந்தியாகு.
"துடுப்பு சும்மா போட்டோவுக்கு.
மோட்டார் கீழ கெடக்கு."
ஆழம்?
"மூணடி. விழுந்தா எந்திச்சி நின்னுரலாம்.
அதுக்கு எனக்கே லைப் ஜாக்கெட் பயிற்சி குடுத்தாவ,
ரெண்டு நாளு."

காலணிக் கடை, கைப்பைக் கடை,
மறுபடி காலணிக் கடை.
பாலத்துக்கு அடியில், கேமரா எட்டாத இருட்டில்
அவர் குனிந்து எதையோ அணைத்தார்.
உறுமல் நின்றது.
அதுவரை ஒரு உறுமல் இருந்தது என்றே
அப்போதுதான் தெரிந்தது.

துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கினார்.
ஐந்து தடவை.
ஐந்தே தடவைதான் வலித்தார்,
தோளிலிருந்து இல்லை, குதிகாலிலிருந்து.
படகு ஒருபக்கம் சாய்ந்து எழுந்தது.
மூன்றடிதான் என்று தெரிந்தும்
விளிம்பை இறுகப் பிடித்தேன்,
அடிவயிற்றில் ஏதோ குடம்போல் புரண்டது.
வெளிச்சம் வந்ததும் மோட்டார்.
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
எதிரே வந்த குடும்பத்துக்கு இத்தாலியில் வணக்கம் சொன்னார்.

ஞாயிறு காலை
நடைச்சட்டத்தோடு லொரென்சாவை எழுப்பி நிறுத்தினேன்.
"தொலைந்தாயா?"
முடியவில்லை. இருபது அடிக்கொரு பச்சைப் பலகை,
வெளியேறும் வழி காட்டிக்கொண்டே இருந்தது என்றேன்.
ஐந்து வலிப்பைச் சொல்லவில்லை.
சந்தியாகுவின் வேலை போய்விடக்கூடாது,
சுவருக்குக்கூடச் சொல்லவில்லை.

ஒரு அடி வைத்தாள். நின்றாள்.
என் முழங்கையில் அவள் நகம் பதிந்தது.
"தண்ணீர் நாறுகிறதா?"
இல்லை, குளோரின் வாடைதான்.
"எங்களுடையது ஆகஸ்டில் நாறும்" என்றாள்,
நகைப்பெட்டியைத் திறந்து காட்டுகிறவள் மாதிரி.