முப்பத்தொன்பதில் முதலாமாண்டு

நேர்முகத்தில் மூன்று பேர்.
நடுவில் இருந்தவனுக்கு
என் கடைசித் தம்பியின் வயதும் இராது.
"ஏன் இப்போது?" என்றான்.

குளியலறைக் கண்ணாடி முன் மூன்று வாரம்
பாடமாக்கிய பதில் ஒன்று கைவசம் இருந்தது.
அதில் ஆர்வம் என்ற சொல் நாலு தடவை வரும்.
அதை விட்டுவிட்டுச் சொன்னேன்:

சட்பரியில் நிக்கல் சுரங்கம், பன்னிரண்டு வருடம்.
உங்கள் ஆட்கள் விலை போட வருவார்கள்
புதுத் தொப்பியும் புதுச் சப்பாத்துமாய்.
கூண்டு ஏழாயிரம் அடி இறங்கி நின்றதும்
ஒருவர் கேட்டார்,
இந்தச் சத்தம் வழமையா?
வழமையில்லை.
அவரை மேலே கொண்டுவந்து சேர்த்தது நான்.
பிறகு அவர் எழுதிய அறிக்கையில்
சுரங்கத்துக்கு ஆயுள் பதினேழு வருடம்.
எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்பது.
மிச்ச எட்டு வருடத்தை
எந்த மேசையில் செய்கிறார்கள் என்று
பார்க்க வந்தேன்.

இடப்பக்கத்துப் பெண் மட்டும் சிரித்தாள்.
வேலை கிடைத்தது.

கேதீஸ் கணக்குப் பார்த்துச் சொன்னான்,
வீட்டுக் கடன் முடிகிற வயதில்
படிப்புக் கடன் எடுத்தவள் நீதான்.
பகிடிதான். ஆனால் இரண்டு தடவை சொன்னான்.
மார்க்கம் கலியாண வீட்டில் ஒரு மாமி,
"பாங்கிலயோ பிள்ளை? எந்தக் கிளை?
எங்கட காசோலை ஒண்டு நிக்குது,
பாத்துச் சொல்லுறியோ?"
சொல்லுறன் என்றேன்.
வேறு எதைச் சொல்ல.

யூனியன் ஸ்டேஷனில் இறங்கி
பே வீதிக்குக் கீழே கீழேயே நடக்கிறேன்.
வெயில் படாத நடை என்று
கூட வருபவர்கள் சலிக்கிறார்கள்.
கோப்பிக் கடை, சப்பாத்துத் துடைப்பவர்,
சட்டை வெளுக்கும் இடம்.
இதற்குப் பெயர் நிலக்கீழாம்.

பக்கத்து மேசையில் இருபத்துமூன்று.
எதிர் மேசையில் இருபத்துநாலு.
எனக்கு மேலதிகாரி ப்ரெண்டன், இருபத்தொன்பது,
நல்ல பொடியன்,
களைத்தால் காது சிவக்கும்.
இரவு ஒன்றரைக்கு எழுதுகிறான்:
நாற்பத்தாறாம் பக்கத்தில் சின்னத்தை
இரண்டு மில்லிமீற்றர் இடப்பக்கம் தள்ளு.
தள்ளுகிறேன்.
வெடி வைக்க முன்னர்
நூற்றியெட்டுப் பேரை எண்ணிச் சரிபார்த்தவள்
சின்னத்தைத் தள்ளுகிறேன்.
அவமானம் இல்லை. முழங்கால்தான் நோகிறது.
ஒன்றும் ஏழும் பிரிந்து தெரிய
கண்ணாடி வேண்டியிருக்கிறது.
சின்னவர்கள் திரையை எட்டி நின்றே வாசிக்கிறார்கள்.
அவர்களிடம் சூத்திரக் குறுக்குவழி கேட்கிறேன்,
வெட்கப்பட நேரமில்லை.
அவர்கள் என்னிடம் கேட்பது
வீட்டுக்கு எப்போது போகலாம்.

மகள் தொலைபேசியில்,
"அம்மா, நீங்கள் அங்க இன்டர்னா?"
அதற்கு ஒரு படி மேலே, என்றேன்.
"ஒரு படிதானா?"

மாசியில் ஒரு கோப்பு வந்தது.
வடக்கே ஒரு சுரங்கம், விற்பனைக்கு.
ஆயுள் என்ற கட்டத்தில் பதினாறு.
துளைப்பதிவுகளைத் திறந்து
விடியும்வரை வாசித்தேன்.
பதினொன்று. தாராளமாய்ப் பார்த்தால் பன்னிரண்டு.
ப்ரெண்டன் சொன்னான்,
அது வாடிக்கையாளர் தந்த எண்,
அந்தக் கட்டத்தைத் தொடாதே.
காது சிவந்திருந்தது.

தொடவில்லை.
கீழே ஓர் அடிக்குறிப்பு போட்டேன்,
இரண்டு வரி, எட்டுப் புள்ளி எழுத்தில்,
எந்தத் துளையில் எந்த ஆழத்தில்
தாது மெலிகிறது என்று.
அனுப்பிவிட்டு
கதிரையிலேயே ஒரு மணித்தியாலம் தூங்கினேன்.

காலையில் அச்சாகி வந்த பிரதியில்
குறிப்பு இருந்தது.
எழுத்து ஆறு புள்ளியாகியிருந்தது.
கண்ணாடியைப் போட்டேன்.
விரலை வைத்து வாசித்தேன்.
ஒரு சொல்லும் குறையவில்லை.