பார்வையாளர்கள்: 2

முதுநகரில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது.
சாவி கோர்ட்டில்.
வாதி நான்.
பிரதிவாதி என் தம்பி சோமாஸ்கந்தன்.
மூன்று வருஷமாகப் பேச்சில்லை.
வாய்தாவுக்கு வந்தால்
ஆளுக்கொரு மரத்தடி.

ஜன்னல் கம்பியை யாரோ அறுத்த பிறகு
இரண்டு வக்கீல்களும் கலந்து பேசி
ஒரு கேமரா வைக்கச் சொன்னார்கள்.
செலவு பாதிப் பாதி.
பாஸ்வேர்டு இருவருக்கும்.
சிம் ரீசார்ஜ் ஒரு மாதம் நான், ஒரு மாதம் அவன்.
சண்டையில்லாமல் நாங்கள் பங்கு போட்டுக்கொண்டது
அது ஒன்றுதான்.

மாட்ட வந்த ஷேக் மதார்
ஏணியில் நின்றபடி சொன்னார்:
"வாசல்ல நடக்குறத அப்படியே அனுப்பாதுங்க.
மாறாத சுவத்த ஒருதரம் அனுப்பிரும்.
அப்புறம் மாறுறத மட்டும் பொடிப்பொடியா நறுக்கி
பொட்டலம் கட்டும்.
பொட்டலம் டவர் ஏறி,
சிங்கப்பூரோ எங்கயோ ஒரு மெஷினுக்குப் போயி,
அங்கேர்ந்து உங்க போன்ல வந்து இறங்கும்.
லைவ்தான்.
ஆனா நாலு செகண்ட் லேட்டு."

முத்தியால்பேட்டையில் என் அடுக்களைக்கும் அந்த வாசலுக்கும்
ஒரு மணி நேர பஸ்.
செம்மண்டலத்திலிருந்து அவனுக்கு
சைக்கிள் மிதிக்கிற தூரம்.
இரண்டு பேருக்கும் அது
கடல் தாண்டித்தான் வருகிறது.

முதலில் காலையில் ஒருதரம் பார்ப்பேன்.
பிறகு சோறு வடிக்கையில்.
பிறகு ஐஸ் கம்பெனிக் கணக்கெழுதும்போது,
பேரேட்டுக்குக் கீழே ஒளித்து.
ஒன்றுமே நடக்காத படம்.
பப்பாளி இலை ஆடும்.
ஆறேகாலுக்குச் செம்பருத்தி நிறம் போய்
எல்லாம் கறுப்பு வெள்ளையாகும்.
உப்பனாற்றுக் காற்று வீசுவது தெரியும்,
கருவாட்டு வாசம் வராது.

படத்தின் மூலையில் ஒரு கண்.
கண்ணுக்குப் பக்கத்தில் எண்.
நான் மட்டும் என்றால் 1.
ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு
2.

சட்டென்று முந்தானையைச் சரிசெய்தேன்.
அவனுக்கு நான் தெரியமாட்டேன் என்பது
பிறகுதான் உறைத்தது.

அதற்கப்புறம் சில ராத்திரிகளில்
2 வரும்வரை விழித்திருப்பேன்.
வந்துவிட்டால் தூங்கலாம்.
வராவிட்டால்
சர்க்கரைக்காரன், ஊசி போட்டுக்கொண்டானோ என்னவோ என்று
புரண்டு படுப்பேன்.
கேஸ் போட்டது நான்தான், மறக்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் டவர் போயிற்று.
நடுவில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டேயிருந்தது.
கண்ணாடியில் வழிந்த ஒரு துளி
பாதி வழியில் நின்றது,
நாற்பது நிமிஷம்.

போன செவ்வாய் ராத்திரி
வெளிக்கதவின் கொக்கி நழுவி
ஒரு ஆடு உள்ளே வந்தது.
நேராகச் செம்பருத்திக்குப் போய் வாய் வைத்தது.
அந்நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று
நான் முழித்துக்கொண்டிருக்கும்போது
வாசலில் ஒரு குரல்:

"ஏய்! ச்சூ! போ அந்தாண்ட!"

மூன்று வருஷத்துக்கப்புறம் அவன் குரல்.
தொண்டை கட்டியிருந்தது.
ஆடு கேமராவை நிமிர்ந்து பார்த்தது,
மென்றுகொண்டே.
"போன்னு சொல்றேன்ல!"
அவன் திட்டு ஆட்டுக்கே தாமதம்.
எனக்கு அதனினும் தாமதம்.

நானும் மைக் பொத்தானை அழுத்தினேன்.
ஆட்டிடம் சொல்வதா, அவனிடமா?
அழுத்தியபடியே இருந்தேன்.
என் மின்விசிறியின் கடகடப்பும்
எங்கள் தெரு நாயின் குரைப்பும்
முதுநகர் வாசலில் போய் இறங்கியிருக்க வேண்டும்.
ஆடு ஒரு காதை மட்டும் திருப்பியது.

"கொக்கிய மாத்தணும்," என்றேன்.

நாலு செகண்ட்.
இன்னொரு நாலு.
அதற்கு மேலும்
எந்த மெஷினும் பொறுப்பேற்க முடியாத
கொஞ்ச நேரம்.

"ம்."

ஆடு செடியை முடித்துவிட்டு
வந்த வழியே போனது.
கதவு திறந்தே கிடந்தது.
கண்ணுக்குப் பக்கத்தில் 2,
விடிந்து நிறம் திரும்பும்வரை.

வாய்தா பத்தொன்பதாம் தேதி.
இந்த மாதம் ரீசார்ஜ் அவன் முறை.
நான் போட்டுவிட்டேன்.