நிமிடத்துக்கு நூற்றறுபது

நாரின் சந்தை முனையில்
நான்கு சவாரியும் ஏறியாகிவிட்டது.
இடது இண்டிகேட்டரைத் தட்டினேன்.
டிக்டிக்டிக்டிக் என்று
யாரோ துரத்துவதுபோல் ஓடியது.
வலது போட்டால் சோம்பலாக, ஒழுங்காக.
மறுபடி இடது: அதே ஓட்டம்.

முன்சீட்டில் மிர்பெக், கால்நடை மருத்துவர்.
மணிக்கட்டைத் திருப்பி, உதடசைத்து எண்ணினார்.
"நூற்றறுபது. ஆட்டுக்குட்டியாக இருந்தால்
இந்நேரம் ஊசி போட்டிருப்பேன், புருல்கான்."

இறங்கிச் சுற்றி வந்தேன்.
முன்னே எரிகிறது. பக்கவாட்டில் எரிகிறது.
பின்னே, இடது மூலை, இருட்டு.
ஒரு விளக்கு வேலைக்கு வராவிட்டால்
ரிலே இப்படித்தான் முறையிடும்.
அதற்குத் தெரிந்த ஒரே வார்த்தை
அவசரம்.

டிக்கியைத் திறந்து
உருளைக்கிழங்கு மூட்டை, தடுப்பூசிப் பெட்டி,
யாருடையதென்றே தெரியாத ஒற்றை பூட்ஸ்,
எல்லாவற்றையும் பனியில் இறக்கினேன்.
பல்பைக் கழற்றி வானத்துக்கு நேரே பிடித்தேன்.
இழை அறுந்திருக்கவில்லை.
காதருகே ஆட்டினேன், சத்தமில்லை.
வலப்பக்கத்தில் மாட்டினால்
கழுதை, ஜம்மென்று எரிகிறது.

"எல்இடி போட்டுவிடேன்" என்றாள் பின்சீட்டுக்காரி
கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கி.
போட்டேன் அக்கா, போன வருஷம்.
இதைவிட வேகமாக அடித்தது.
அது குடிப்பது அரை மடக்கு மின்சாரம்;
விளக்கே இல்லையென்று நினைத்துக்கொள்கிறது ரிலே.

பிறகுதான் ஹோல்டருக்குள் எட்டிப் பார்த்தேன்.
பச்சை பூத்துக் கிடந்தது.
முகர்ந்ததும் புரிந்துவிட்டது.
ஜூலையில் கல்யாணத்துக்குப் போன அந்தக் குடும்பம்,
கணவாய் ஏறும்போது பொங்கி
மூடி தெறித்த அவர்கள் குமிஸ் கேன்,
மூன்று நாள் கழுவினேனே!
புளித்த குதிரைப் பால்
இங்கே வந்து உட்கார்ந்து
ஆறு மாதமாகப் பித்தளையைத் தின்றிருக்கிறது.

மிர்பெக் ஓர் ஊசியும்
ஸ்பிரிட் தோய்த்த பஞ்சும் நீட்டினார்.
தீப்பெட்டியின் உரசுபக்கம் என்னிடம் இருந்தது.
விரல் மரத்துப்போகும்வரை சுரண்டினோம்.
பச்சைக்கு அடியில்
மயிரிழை அளவு மஞ்சள்.

டிக்.

டிக்.

அவர் கடிகாரத்திலிருந்து கண்ணெடுக்காமல்
"எழுபத்தெட்டு" என்றார். "பசு."

மூட்டைகளை ஏற்றி, பூட்ஸையும் ஏற்றி,
பெரிய சாலைக்கு இடது வளைந்தேன்.
தானாக அணையும் வசதியெல்லாம்
இந்த வண்டிக்குப் போன பிறவியிலேயே போய்விட்டது.
பின்சீட்டில் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்க
டோலோன் பக்கம் நிமிர்ந்து போகும் தாரில்
அணைக்காமலே ஓட்டினேன்.

பின்னால் வந்த லாரிக்காரன்
நான் எங்கேயோ திரும்பப் போகிறேன் என்று
அரை கிலோமீட்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு
ஹார்னில் கை வைத்தான்.